புதுப்பிப்பு: பரோலோ திறந்த இரவு

நண்பர்கள் ஆறு பேரோடு இத்தாலிய வைன் சுவைக்கப் போகிறேன், அதில் பரோலோ என்ற சிவப்பு வைனை எப்போது திறப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் முன்பே அகலமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்கச் சொன்னீர்கள். மிகச் சரியான யோசனை, நன்றி!

முதலில் கியாந்தி கிளாசிகோ என்ற இன்னொரு சிவப்பு வைன். புளிப்பு தூக்கலாக, தக்காளி பாஸ்தாவோடு நன்றாகச் சேர்ந்தது. அப்புறம் பரோலோ. முழுக்க நெபியோலோ திராட்சை. அறுவடைக்குப் பின் 38 மாதமாவது முதிர்ந்தால்தான் விற்பனைக்கு வரும். நிறம் வெளிறித்தான் இருந்தது, ஆனால் அந்த ரோஜா வாசனை! திறந்தவுடன் ஒரு வாய் குடித்தபோது நாக்கை இழுத்துப் பிடித்த துவர்ப்பு, இரண்டு மணி நேரத்தில் பாதி அடங்கியிருந்தது. பார்மிஜானோ சீஸ் ஒரு துண்டு கடித்ததும் மீதியும் போயிற்று. சிவப்பு வைனே வேண்டாம் என்றிருந்த தோழி இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்.