மறு: கேஸ்கட்டுக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம். கேஸ்கட்டுக்கு, அதாவது இன்ஜினில் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற அடைப்புக்கு, இங்கே வந்த சொற்களைப் பற்றிச் சில வார்த்தைகள்.

> ‘அடைதாள்’ என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், வினைத்தொகையாகவும் அமைகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் சிலிண்டரைக் கழற்றினேன். அடியில் இருந்த பேக்கிங் கிழிந்து வந்தது. (எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் ஹெட்டுக்கு மட்டும்தான் கேஸ்கட் என்பார்கள், மற்றதெல்லாம் பேக்கிங்.) ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. அலமாரியில் ஒரு கல்யாணப் பத்திரிகை தடிமனாகக் கிடந்தது. சிலிண்டர் விளிம்பில் கிரீஸ் தடவி அதன்மேல் அழுத்தினால் அச்சு அப்படியே விழுகிறது. பிளேடால் வெட்டினேன். ஸ்டட் துளைகளுக்கு சைக்கிள் பால்ரஸ்ஸை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு, வட்டமாகத் துளை.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் அடங்காமல் கத்தியது. திறந்து பார்த்தால் பத்திரிகையின் வழவழப்புப் பூச்சு சூட்டில் இளகி, அட்டை பெட்ரோலில் ஊறிப் பிரிந்து கிடக்கிறது. அலுமினியத்தின்மேல் ‘முகூர்த்தம்’ என்ற எழுத்து மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிப் பதிந்திருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் (சிலிண்டருக்கு அடியில் இருக்கிற கூடு) வழியாகத்தான் பெட்ரோல் கலவை போகிறது. அங்கே காற்று புகுந்தால் கலவை மெலியும், பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். நான் தப்பித்தேன். தடிமனிலும் விளையாடக் கூடாது: அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலே சிலிண்டர் உயர்ந்து, போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளை) திறக்கும் நேரம் மாறி, கம்ப்ரஷனும் குறையும்.

மறுநாள் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் என்ன வண்டி என்றுகூடக் கேட்கவில்லை. “எங்க போடப் போறீங்க?” என்றுதான் கேட்டார். இடத்தைச் சொன்னதும் ஆயில் பேப்பரை எடுத்துக் கொடுத்தார்.

நம் விவாதத்துக்கு அந்தக் கேள்வியே போதும் என்று நினைக்கிறேன். கிராங்க்கேஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் தாள் சரி. டேப்பெட் கவர் (வால்வுகளுக்கு மேலே இருக்கிற மூடி) பழைய கார்களில் மெல்லிய தகரம், விளிம்பு நெளிந்திருக்கும், போல்ட்டையும் இறுக்க முடியாது. அங்கே நசுங்கிக் கொடுக்கிற தக்கைதான் வேண்டும். (காய்ந்து சுருங்கின தக்கைப் பேக்கிங்கைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டால் பழைய அளவுக்கு வரும். கடையில் வாங்கி வந்து ‘துளை சேரவில்லை’ என்று திட்டுமுன் இதைச் செய்து பாருங்கள்.) செம்பு என்றால் மங்கின சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆற்ற வேண்டும், அப்போதுதான் மென்மையாகும். ஒருமுறை நசுங்கினால் மறுபடி விறைத்துவிடும், திரும்பப் போடுமுன் திரும்பக் காய்ச்ச வேண்டும். சைக்கிள் டியூப் ரப்பர் எண்ணெயில் உப்பிவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர்.

பழைய இன்ஜின்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டும் இருக்கும். எவ்வளவு நல்ல சொல் பாருங்கள், கல்லும் நாரும் சேர்ந்து பொருளையே காட்டிவிடுகிறது. பொருள்தான் பொல்லாதது: தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். காய்ந்தபடி சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், நனைத்து எடுங்கள்.

ஆக, தாள், தக்கை, செம்பு, ரப்பர் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன. ‘அடைதாள்’ என்று வைத்தால் நாளைக்கு ‘செப்பு அடைதாள்’ என்று எழுத வேண்டிவரும். ‘அடைதகடு’ என்றாலும் அதே கதை, தக்கை எங்கே தகடானது?

> ‘கலப்பற்று’ என்ற பழைய சொல் இருக்கிறதே?

அழகான சொல்தான். ஆனால் அது மரப்படகில் பலகைகளைச் சேர்த்த பிறகு இடுக்கில் திரி திணிப்பது. இது சேர்ப்பதற்கு முன்பே நடுவில் வைப்பது. கலப்பற்றை வேண்டுமானால் பம்ப் தண்டைச் சுற்றித் திணிக்கிற கயிற்றுப் பேக்கிங்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.

‘கசிவடை’யும் வந்தது. அது ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனால் பொதுச்சொல்லாக இருக்கட்டும். இரண்டு முகங்களுக்கு இடையில் நசுங்கி அடைப்பது என்ற வேலையைச் சொல்ல ‘இடையடை’ என்பது என் முன்மொழிவு. தக்கை இடையடை, செப்பு இடையடை, எது முன்னால் வந்தாலும் தகராறு இல்லை.

எங்கள் தெரு மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். “இடையில அடையா? அவியல் இருக்கா சார்?” என்றார். ஆனால் அடுத்த வாரம் போனபோது, “சார், உங்க அடை ஒழுகுதா?” என்று அவரே கேட்டார்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கே இடிக்கிறது. டியூபிலிருந்து பிதுக்கித் தடவுகிற சிலிகான் பசைக்கு முடுக்கும்வரை வடிவமே கிடையாது. அதையும் இடையடை என்பதா, ‘அடைபசை’ என்று பிரித்துவிடுவதா?