பாலக்கோடு பக்கம் ஊர்க் கம்ப்யூட்டர் மையம்: நோக்கம் என்று என்ன எழுதுவது, என்ன வகுப்பு வைப்பது?

பாலக்கோட்டுப் பையன்:
வணக்கம். பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். இளைஞர் மன்றக் கட்டடம் பூட்டியே கிடந்தது, பஞ்சாயத்தில் பேசி சாவி வாங்கிவிட்டோம். பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பசங்க, அவங்க கம்பெனியில் கழிக்கிற கம்ப்யூட்டரில் பத்து வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். அதற்குக் கம்பெனி கேட்பது ஒரே ஒரு பக்கம்: மையத்தின் நோக்கம் என்ன, ஒரு வருடத்துக்கு என்ன நடத்துவீர்கள் என்று. நாங்கள் எழுதி வைத்திருப்பது, "கிராம மக்களை டிஜிட்டல் யுகத்துக்கு அழைத்துச் சென்று வாழ்வாதாரத்தை மேம்படுத்துவது". வகுப்புகள் எம்எஸ் ஆபீஸ், கணக்கு எழுதும் டேலி, போட்டோஷாப், புரோகிராம் எழுதும் பைதான். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் முதல் வாரம் யார் உள்ளே வருவார்கள் என்று கேட்டால் எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. இப்படி மையம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டைக்காரன்:
தம்பி, நோக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் உங்கள் பக்கத்து இ-சேவை மையத்தின் வாசலில் நாலு நாள் நின்று பாருங்கள், மக்கள் எதற்கெல்லாம் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும். பட்டா நகல், சாதிச் சான்று, கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை. உங்கள் பாடத்திட்டம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டா சிட்டா பார்க்க அரசு இணையதளத்தில் முதலில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்வு செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல். அதற்கு முந்தைய பத்திரத்தில் எல்லாம் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கும், 1965-க்கும் முந்தைய தாத்தா காலத்துப் பத்திரம் என்றால் சேலம் ஜில்லா. பெரியவர் கையில் இருக்கும் பத்திரத்தைப் பார்த்து தர்மபுரியைத் தேர்வு செய்வார், அவர் ஊரே அதில் வராது, நிலம் போய்விட்டதோ என்று பதறிப்போவார். பக்கத்தில் உட்கார்ந்து, இப்போதைய மாவட்டம் எது, சர்வே எண்ணைப் பத்திரத்தில் எங்கே பார்ப்பது என்று காட்டினால், அடுத்த முறை அவரே பேத்தியைக் கூட்டிவந்து பார்த்துவிடுவார். நாம் தட்டிக் கொடுத்தால் அது இன்னொரு இ-சேவை மையம், அவர் கையால் தட்ட வைத்தால்தான் கற்றல் மையம். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அவசரம் என்று வருபவர்கள் "நீயே போட்டுக் கொடுப்பா" என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம், எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பேச்சு கன்னடமோ தெலுங்கோதான். உங்கள் ஊரிலும் அப்படி இருந்தால் சொல்லிக்கொடுக்கிறவரில் ஒருவராவது அந்த மொழி பேசட்டும்.

அரூர் டைப்பிங் டீச்சர்:
பைதானை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், தமிழ்த் தட்டச்சைப் போடுங்கள். நம் மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் குரூப் 4-க்குப் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தட்டச்சர் வேலைக்குத் தட்டச்சுத் தேர்வோடு கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேட்கிறார்கள், இரண்டையும் தொழில்நுட்பக் கல்வித் துறைதான் தருகிறது. உங்கள் மையம் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் அங்கே செல்லாது, இதைச் சேரும் அன்றே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். மையத்தில் பழகலாம், தேர்வு அங்கே எழுதட்டும்.

சும்மா பழகுபவர்களுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள், 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் எல்லாம் இடது கையில், அடிக்கடி வரும் மெய் எல்லாம் வலது கையில். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், நடுவில் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தே தெரியாத அக்கா ஒருத்தர் தன் பெயரைத் தானே தட்டித் திரையில் பார்த்த பிறகு மறுநாள் கொழுந்தியாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் வகுப்பை அதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

காரிமங்கலம் குழு அக்கா:
பொம்பளைங்க வரணும்னா நேரத்தைப் பார்த்து வைங்க தம்பி. சாயங்காலம் ஆறு மணி வகுப்புன்னு போட்டா ஒருத்தியும் வரமாட்டா, மாடு கறக்கணும், அடுப்பு பத்த வைக்கணும். நூறு நாள் வேலை முடிஞ்சு வந்து பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் கிடைக்கும், அதைப் பிடிங்க. பக்கத்து ஊர்ல இருந்தும் வரணும்னா டவுன் பஸ் நேரத்துக்கு வைங்க, எங்களுக்கு அதுல டிக்கெட் இல்ல. தக்காளி, மாங்கா சீசன்ல வகுப்பே வேண்டாம், லீவு விட்டுடுங்க.

கம்ப்யூட்டரோட போனையும் சொல்லிக்கொடுங்க. எங்க குழுவுல ஒருத்திக்கு பேங்க்ல இருந்து பேசறேன்னு போன் வந்து, ஓடிபி சொல்லி, குழுக் கடன் பணம் போச்சு. சைபர் மோசடிக்கான உதவி நம்பர் 1930-க்கு உடனே போன் பண்ணணும்னு எங்க யாருக்கும் அப்ப தெரியல. தாமதமாக ஆக பணம் கை மாறிப் போயிடுமாம். அந்த நம்பரை சுவத்துல பெருசா எழுதி வைங்க.

ஓசூர் நெட்வொர்க்:
பத்தும் ஒரே நாளில் ஓடும் என்று நம்பவேண்டாம், இரண்டை உதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் இல்லாமல் வந்தால் அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய மெஷினுக்கு லேசாக இருக்கும், எம்எஸ் ஆபீஸ் மாதிரியான லிப்ரே ஆபீஸ் அதிலேயே வரும். 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் பேட்டரி போய் எத்தனை வீட்டுப் பரண் மேல் கிடக்கின்றன! கேட்டு வாங்குங்கள், சார்ஜரைச் சொருகினால் நிறைய ஓடும். மின்சாரம் போனால் நிற்காமல் இருக்க ஒரு இன்வெர்ட்டர். எர்த்திங் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், பூட்டிக்கிடந்த கட்டடம், பிள்ளைகள் தொடும் இடம்.

பாலக்கோட்டுப் பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரியே உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டோம்: "எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ளவர்கள் தங்கள் நிலம், படிப்பு, பணம் பற்றிய கம்ப்யூட்டர் வேலையைத் தங்கள் கையாலேயே செய்யப் பழக்குவது." மதியம் பெண்களுக்கு, சாயங்காலம் தட்டச்சு, ஞாயிற்றுக்கிழமை காலை பட்டா, உழவன் செயலியில் சந்தை விலை பார்ப்பது என்று விவசாயிகளுக்கு. முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவுதான், டேலி யாராவது வந்து கேட்டால் பார்ப்போம்.

அரூர் டீச்சர், விசைப்பலகையில் ஒட்டும் தமிழ்99 ஸ்டிக்கர் தர்மபுரியில் எந்தக் கடையில் கிடைக்கும்? அழியாததாக வேண்டும். காரிமங்கலம் அக்கா, போன் வகுப்பு முதல் நாளைக்கு நீங்களே வந்து அந்த ஓடிபி விஷயத்தை எங்கள் ஊர் அக்காமாரிடம் சொல்ல முடியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்.