காலியான இடங்களில் ஏறி அமர்ந்தவரா எலைன் பெய்ஜ்?

மேற்குமாடம்:
எலைன் பெய்ஜை ‘பிரிட்டிஷ் இசைநாடகத்தின் முதல் பெண்மணி’ என்று இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். அந்தப் பட்டம் எனக்கு நெடுநாளாகவே உறுத்துகிறது. அவருடைய பெரிய வேடங்களை எண்ணிப் பாருங்கள். ‘எவிட்டா’ 1976இல் முதலில் இசைத்தட்டாக வந்தபோது அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஈவா பெரோனாகப் பாடியவர் ஜூலி கவிங்டன். அடுத்த ஆண்டு அவர் குரலில்தான் அதில் வரும் ‘டோன்ட் கிரை ஃபார் மீ அர்ஜென்டினா’ பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மேடைக்கும் அவரையே அழைத்தார்கள், அவர் மறுத்துவிட்டார். 1981இல் ‘கேட்ஸ்’. கிரிசபெல்லா என்ற கிழட்டுப் பூனையாக நடிக்கவேண்டியவர் ஜூடி டென்ச். ஒத்திகையில் அவருக்குக் குதிகால் தசைநார் கிழிந்தது. 1994இல் லண்டனில் ‘சன்செட் புலவார்ட்’. நாயகி பெட்டி பக்லிக்கு அவசரமாகக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று இடத்திலும் உள்ளே வந்தவர் பெய்ஜ். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கீழ்ஸ்தாயி:
பாலைக் காய்ச்சி வைத்திருந்தது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

பெய்ஜ் 1964இல், பதினாறு வயதில், ஊர் ஊராகச் சுற்றிய ஒரு நாடகக் குழுவில் தொடங்கினார். பிக்கர்ஸ்டாஃப் என்ற குடும்பப் பெயர் விளம்பரப் பலகைக்கு ஒத்துவராது என்று தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கங்களிலிருந்தே ‘பெய்ஜ்’ என்று வைத்துக்கொண்டார் என்பார்கள். 1968இல் ‘ஹேர்’. 1973இல் ‘கிரீஸ்’. 1974இல் லண்டன் டிரூரி லேன் அரங்கில் நடிகர் மைக்கேல் கிராஃபர்டுடன் ‘பில்லி’. இவ்வளவுக்குப் பிறகும் வாழ்க்கை நகரவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ‘எவிட்டா’ கிடைத்தது. பதினான்கு ஆண்டு கழித்து வந்ததை அதிர்ஷ்டம் என்றால், அந்த அதிர்ஷ்டம் நடந்தேதான் வந்திருக்கவேண்டும்.

மேற்குமாடம்:
உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நண்பரே. பதினான்கு ஆண்டு கோரஸில் நின்றவர்கள் லண்டனில் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். கவிங்டன் ‘சரி’ என்றிருந்தால் பெய்ஜும் அவர்களில் ஒருவர். என் கேள்வி அதுதான். ஒரு வேடத்துக்கு முதலில் இவரை நினைத்துக் கூப்பிட்டார்களா?

பழையதட்டு:
கூப்பிட்டார்கள். ‘செஸ்’. அபா குழுவின் பென்னியும் பியோர்னும் இசையமைத்து, டிம் ரைஸ் எழுதியது. 1984 இசைத்தட்டில் ஃபுளோரன்ஸாகப் பாடியவர் பெய்ஜ். 1986இல் பிரின்ஸ் எட்வர்ட் அரங்கில் மேடையேறியபோதும் அவரே. அந்தத் தட்டில் பார்பரா டிக்சனுடன் பாடிய ஜோடிப்பாட்டு 1985இல் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை வேறு யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மேற்குமாடம்:
அது ஒன்று. ஒப்புக்கொள்கிறேன்.

கீழ்ஸ்தாயி:
நீங்கள் பாட்டின் பக்கமே வரவில்லை. ஈவாவின் பாட்டு எழுதப்பட்டிருக்கும் விதம் குரூரமானது. கள்ளக்குரலுக்குத் தாவாமல், நெஞ்சுக்குரலை இழுத்துக்கொண்டே மேல்ஸ்தாயிக்கு ஏறவேண்டும். ஏறிய இடத்தில் நின்று கத்துவதுபோலவும் இருக்கவேண்டும். ஏனென்றால் கதையில் அவள் அங்கே ஒரு கூட்டத்தைத் தூண்டிவிடுகிறாள். ஒலிப்பதிவு அறையில் ஒரு வரியைப் பாடி, தேநீர் குடித்துவிட்டு அடுத்த வரியைப் பாடலாம். மேடையில் அந்த வசதி கிடையாது. நியூயார்க்கில் இதே வேடத்துக்கு 1980இல் டோனி விருது வாங்கிய பாட்டி லுபோனே அந்தப் பாட்டு தன் குரலைப் படுத்திய பாட்டைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். (பாட்டி என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயதுதான்.)

‘எவிட்டா’ லண்டனில் மேடையேறிய 1978 ஜூன் 21 அன்று, பொதுமக்களில் அநேகர் பெயரே கேட்டிராத ஒரு பெண் அதைப் பாடி நிமிர்ந்தார். லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டின் அந்த ஆண்டு நாடக விருதும் (இன்றைய ஒலிவியர் விருது) அவருக்கே. வாய்ப்பு வந்தது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒவ்வோர் இரவும் தாங்கியதும் தற்செயலா?

மேற்குமாடம்:
லுபோனை நீங்களே இழுத்துவிட்டதால் கேட்கிறேன். லண்டனில் அவ்வளவு வெற்றி என்றால் 1979இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு ஏன் பெய்ஜை அழைத்துப்போகவில்லை?

பழையதட்டு:
அமெரிக்க நடிகர் சங்கம் விடவில்லை. அமெரிக்க நடிகை ஒருவர்தான் அந்த வேடத்தை ஏற்கவேண்டும் என்று நின்றார்கள். இதில் திறமையைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. பெய்ஜின் முதல் பிராட்வே மேடை 1996இல்தான் வந்தது, அவருடைய 48ஆம் வயதில்.

மேற்குமாடம்:
அதுவும் ‘சன்செட் புலவார்ட்’. அங்கேயும் பெட்டி பக்லி விட்டுச்சென்ற இடம்!

கீழ்ஸ்தாயி:
அந்தப் பக்லியே நியூயார்க்கில் கிளென் குளோஸ் விட்டுச்சென்ற இடத்தில்தான் நின்றார். அவரை என்னவென்று அழைப்பீர்கள்? 1989இல் பெய்ஜ், தாமும் ஒரு தயாரிப்பாளராகச் சேர்ந்து, லண்டனில் ‘எனிதிங் கோஸ்’ நாடகத்தில் நடித்தார். அந்த வேடத்தை 1987இல் நியூயார்க்கில் செய்தவர் லுபோன். 1934இல் முதன்முதலில் செய்தவர் எத்தெல் மெர்மன். மேடையில் வேடம் யாருக்கும் சொத்து இல்லை, ஐயா. அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் எல்லோரும் உழுகிறார்கள்.

ஹாரோ ரயிலடி:
நான் பாட்டு இலக்கணம் தெரியாதவள். 1995இல் அடெல்ஃபி அரங்கில் ‘சன்செட் புலவார்ட்’ பார்த்தேன். மேல் மாடத்தில் கடைசி வரிசை. கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது. அரங்க அமைப்பு பயங்கரம். ஒரு மாளிகையே மேலே எழும்பும், கீழே இறங்கும். அதன் படிக்கட்டில் ஓர் அம்மாள் வந்து நிற்கிறார். பெய்ஜின் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவ்வளவு பெரிய வீட்டுக்குள் யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருள்போல இருந்தார். எல்லோரும் மறந்துவிட்ட பழைய நட்சத்திரத்தின் கதைதானே அது. உயரமான நடிகை நின்றிருந்தால் எனக்கு அப்படித் தோன்றியிருக்காது. அவர் பாடத் தொடங்கியதும் வீடு சிறியதாகிவிட்டது. நான் போவதற்கு முன் அந்த வேடத்தில் யார் நடித்தார், யாருக்கு எந்த அறுவை சிகிச்சை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மேற்குமாடம்:
அம்மா, நேரில் பார்த்தவரிடம் நான் வாதாடப்போவதில்லை. ஆனால் நான் கேட்டது வேறு. டென்ச் பாடத் தெரியாதவர் அல்லர்; 1968இலேயே லண்டனில் ‘காபரே’யின் நாயகி. அவருடைய கிரிசபெல்லா எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியவே போவதில்லை. அந்த இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கீழ்ஸ்தாயி:
அது நியாயமான ஏக்கம். டென்ச் அதை அநேகமாகப் பேச்சுக்கு அருகில் வைத்துப் பாடியிருப்பார், நடிப்பு கூடியிருக்கும். ஆனால் கிரிசபெல்லா பாடும் ‘மெமரி’ பாட்டின் கடைசிப் பகுதியில் சுருதி மாறிக் குரல் உடைந்து எழும்புகிறதே, அதைப் பின்னால் வந்த நடிகைகள் எல்லோரும் பெய்ஜ் போட்டுக்கொடுத்த தடத்தில்தான் பாடுகிறார்கள். 2009இல் சூசன் பாய்ல் தொலைக்காட்சிப் போட்டி மேடையில் ஏறியபோது யாரைப்போல வரவேண்டும் என்று கேட்டார்கள். எலைன் பெய்ஜ் என்றார். கவிங்டன் என்று சொல்லவில்லை.

மேற்குமாடம்:
கவிங்டன் அந்த வேடத்தை விட்டதே அப்படிப்பட்ட புகழ் வேண்டாம் என்றுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது தனி இழைக்கு உரிய விஷயம். பட்டத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் 1976 தட்டையும் 1978 லண்டன் பதிவையும் இன்றிரவு அடுத்தடுத்துக் கேட்கப்போகிறேன். அர்ஜென்டினா பாட்டு மட்டும்.

ஹாரோ ரயிலடி:
கேளுங்கள். பெய்ஜை இரண்டாவதாக வையுங்கள். அவருக்கு அதுதான் பழக்கம்.