புதுப்பிப்பு: காற்றில் சாய்ந்த மரங்களை பிக்கப்பில் இழுத்தாயிற்று

சரிவில் வேரோடு சாய்ந்து கிடந்த மூன்று மரங்களை பிக்கப், கயிறு, கப்பி மட்டும் வைத்து வெளியே எடுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.

வேரிலிருந்து அறுத்த கட்டையை நேராக இழுத்தபோது அதன் முனை மண்ணில் குத்தி நின்றது, பின்சக்கரம் சுழன்றதுதான் மிச்சம். அப்புறம் கப்பியைக் கட்டையில் மாட்டி, கயிற்றின் ஒரு நுனியை முன்னால் நின்ற மரத்தில் கட்டி, மறு நுனியை வண்டியில் இழுத்தேன். இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பு. வண்டி 10 அடி போனால் கட்டை 5 அடிதான் வரும், பரவாயில்லை. முனையைக் கோடாலியால் சீவி மழுக்கிவிட்டதும் குத்துவதும் நின்றது.

திசை திருப்பக் கப்பியை நிற்கிற மரத்தில் மாட்டுபவர்கள் கவனியுங்கள்: கயிறு செங்கோணமாகத் திரும்பினால் அந்த மரத்தின் மேல் கயிற்றின் இழுவிசையைப் போல் சுமார் 1.4 மடங்கு சுமை, முழுதாக மடங்கினால் 2 மடங்கு. தடித்த பச்சை மரமாகப் பார்த்து, அடியில், அகலமான நாடாவால் கட்டுங்கள். வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும்.

வேர்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு மனமார்ந்த நன்றி. இரண்டாவது மரத்தை அறுத்து முடித்த நொடியில், ஆள் உயரத்துக்குப் பெயர்ந்து நின்ற வேரும் மண்ணும் திடுமெனக் குழிக்குள் திரும்பி விழுந்தது.