லயத்துக் காம்பராவை எதில் போடுவது?

போன் ஆப்பில் கடன் எடுத்து மாட்டிக்கொண்ட கதையை இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் நின்றவன், டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

2023 கடைசியில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நேரம், நுண்கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்காக இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு விவரம் எடுக்கப் போனேன். வீட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம். அந்த வருஷம்தான் அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப் பணத் திட்டம் வந்து, 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டு, யாருக்குக் கொடுப்பனவு, யாருக்கு இல்லை என்று பிரித்திருந்தார்கள். அதனால் எந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு)ப் போனாலும் முதல் கேள்வி, "தம்பி, இது அஸ்வெசுமவா?" இல்லை என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "அது மாதிரித்தான் அக்கா" என்று சொல்லித்தான் பாதி வீடுகளுக்குள் போனேன். பொய்தான், தெரிந்தே சொன்னது.

வீடு என்ற கேள்விக்கு மூன்று பதில்: சொந்தம், வாடகை, வேறு. தாத்தா காலத்திலிருந்து அதே காம்பராவில், அதாவது லயத்து அறையில், இருக்கிறார்கள், வாடகை கிடையாது, காணி உறுதிப் பத்திரமும் கிடையாது, இடம் தோட்டத்துடையது. 'வேறு' என்று அழுத்தினால் விளக்கம் எழுதிப் படமும் ஏற்ற வேண்டும், மேல் மலையில் சிக்னல் எங்கே இருக்கிறது? எல்லாருக்கும் 'சொந்தம்' போட்டுவிட்டேன். மாத வருமானத்துக்கும் ஒரே கட்டம். கொழுந்து கொட்டுகிற மாதமும் உண்டு, பறித்த கிலோ குறைந்து அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுகிற மாதமும் உண்டு. நான் கொட்டுகிற மாதத்தையே எழுதினேன்.

நான் எழுதியதை வைத்துக் கடனுக்குப் புள்ளி போட்டது நிறுவனத்தின் கம்ப்யூட்டர். என் அத்தைக்கு, அவர் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கடன் கிடைத்தது. வீட்டில் சந்தோஷம், எனக்கும்தான். அப்புறம் தை, மாசி வெயிலில் கொழுந்து இல்லை, வாரத் தவணை மட்டும் தவறாமல் வந்தது. அத்தை காதுத் தோட்டை அடகு வைத்தார். இவ்வளவு ஏன் கொடுத்தீர்கள் என்று கிளையில் கேட்டதற்கு, "சிஸ்டம் கொடுத்தது" என்றார்கள். அந்த சிஸ்டத்துக்குச் சொந்த வீடு என்று சொன்னவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கிற உரிமை எழுதியிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார், முழுக்க இங்கிலீஷ். வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதும் நான்தான், அன்றைக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது.