ரயில் போகும்வரை

குழு: அம்மம்மா வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:42 | சித்தி: பிள்ளைகள், எழும்பிவிட்டீர்களா? நேற்று இரவு விளையாட்டில் என்ன நடந்தது? தம்பி ஒன்பதரைக்கே டேப்லெட்டை மூடி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். காலையில் பாலும் தொடவில்லை.

காலை 7:45 | நான்: சித்தி, நானும் இரவு முழுக்க அதையே யோசித்தேன். கடைசி ரவுண்டில் அவனை வோட் போட்டு வெளியேற்றினோம். அதற்கு முந்திய இரண்டு ரவுண்டிலும் முதலில் வெளியே போனது அவன்தான்.

காலை 7:48 | பெரியண்ணா: சித்தி, அமங் அஸ் விளையாட்டு என்றால் வேலை செய்கிறவர்களுக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரனைக் கண்டுபிடித்து வோட் போட்டு அனுப்புவதுதான். யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும். பிணம் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை நின்றது. வெள்ளை அவன். ஏன் அங்கே நின்றாய் என்று மூன்று தரம் கேட்டேன். பதிலே இல்லை. வாய் திறக்காவிட்டால் சந்தேகம் வரும்தானே?

காலை 7:49 | சித்தி: அவன் வாய் திறக்காதது ரயிலுக்காக.

காலை 7:51 | சித்தி: எங்கள் பிளாட் மரைன் டிரைவைப் பார்த்தபடி இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். முதல் ரவுண்டில் ரயில் போனபோது நீங்கள் எல்லோரும் சேர்ந்து "மைக்கை மூடு, மைக்கை மூடு" என்று கத்தினீர்கள். அதற்குப் பிறகு ரயில் சத்தம் கேட்டவுடன் அவனாகவே மூடிவிடுவான். நான் பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் மைக்கில், மற்றக் கையில் டேப்.

காலை 7:56 | பெரியண்ணா: எனக்கு அது தெரியாது சித்தி.

காலை 7:58 | நான்: எனக்கும் தெரியாது. எழுதியாவது சொல்லியிருக்கலாமே என்று நேற்று நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது. சின்னப் பிள்ளைகளின் கணக்கில் நினைத்ததை டைப் பண்ண முடியாது. பெற்றோர் அனுமதி கொடுத்தால்தான் அது திறக்கும். அதுவரை ஏற்கனவே எழுதி வைத்த சொற்களில் தேடித் தேடித்தான் எடுக்க வேண்டும்.

காலை 8:01 | ரொறன்ரோ அக்கா: நேரத்தை யார் குறைத்தது? வோட்டுக்கு மட்டும் 120 செக்கன் இருக்குமே. நேற்று மளமளவென்று முடிந்துவிட்டது.

காலை 8:03 | பெரியண்ணா: நான்தான். என் நண்பர்கள் இரண்டு பேருக்கும் விடிய வேலை. அதனால் கதைக்க 15 செக்கன், வோட்டுக்கு 30 செக்கன் என்று வைத்தேன்.

காலை 8:04 | சித்தி: மொத்தம் முக்கால் நிமிடம். ரயில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று திரும்பப் புறப்பட்டுப் போகவே அவ்வளவு நேரம் எடுக்குமே அப்பன்.

காலை 8:11 | மச்சாள்: நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரவுண்டில் இம்போஸ்டர், அதாவது ஒளிந்திருந்த கொலைகாரி, நான். மீட்டிங்குக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி மெட்பே என்ற மருத்துவ அறையில் ஸ்கேன் எடுத்தான். வட்டத்தில் ஏறி நின்றால் பச்சை வெளிச்சம் மேலும் கீழும் போகும், பத்து செக்கன் ஆகும். அந்த வேலையை இம்போஸ்டரால் செய்ய முடியாது. அவன் நல்லவன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இந்த விளையாட்டில் இல்லை. கண்டது நான் ஒருத்திதான். விளையாட்டின்படி நான் சொல்லாமல் இருந்தது பிழை இல்லை. ஆனால் மூன்றாவது தரமும் அவனே போகிறான் என்று தெரிந்தும் இருந்தேனே, அது மனதுக்குச் சரியாகப் படவில்லை.

காலை 8:14 | நான்: என் வோட்டும் அவனுக்குத்தான் விழுந்தது. எனக்கு நிச்சயம் இல்லை. ஒருவருக்கும் போடாமல் விடும் ஸ்கிப் பொத்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அண்ணா உறுதியாகச் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுவிட்டேன். அண்ணாவின் நண்பர்களும் அப்படித்தான் போட்டிருப்பார்கள், அவர்களுக்குத் தம்பியைத் தெரியவே தெரியாது.

காலை 8:20 | பெரியம்மா: எனக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்குகிறது.

காலை 8:26 | மாமா: அக்கா, அப்படிச் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் என்ன விளையாடினோம்? ராஜா, ராணி, மந்திரி, கள்ளன், பொலிஸ். கொப்பித் தாளைக் கிழித்து எழுதி, சுருட்டிப் போட்டு எடுத்தோம். கள்ளன் எடுத்தவர் கள்ளன் இல்லாத மாதிரி இருக்க வேண்டும். அதில் ஆகத் திறமையாகப் பொய் சொன்னது நீங்கள்தான் அக்கா.

காலை 8:29 | மாமா: ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பொலிஸ் எடுத்தவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்துத்தான் கள்ளன் யார் என்று சொல்ல வேண்டும். விளக்கைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்போம். கண் இமை துடிக்கும், வாய்க்கோடியில் சிரிப்பு வரும். உங்கள் விளையாட்டில் முகம் இல்லையே. குரல் மட்டும்தான் இருக்கிறது. குரலும் போய்விட்டால் அந்தப் பிள்ளையிடம் பார்க்க என்ன மிச்சம்?

காலை 8:33 | மச்சாள்: அப்பா சொன்னது சரி. இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் மாஃபியா. 1986 அளவில் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி டேவிடோவ் உருவாக்கியது. கள்ளர் யார் என்று தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர், தெரியாதவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கமும் மோதினால் யார் வெல்வார் என்பதுதான் கேள்வி. 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் மனிதன் வேஷம் போட்டார். அவை எல்லாம் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்து விளையாடுவது. அமங் அஸ் 2018இல்தான் வந்தது. நாங்கள் அதைப் பிடித்தது 2020 ஒக்டோபர் கடைசியில், மேல் மாகாணத்துக்கு ஊரடங்குச் சட்டம் போட்டபோது.

காலை 8:35 | நான்: ஓம். அந்தக் கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் இருந்த அண்ணாவையும் தெஹிவளையில் இருந்த உன்னையும் நான் அதில்தான் சந்தித்தேன். தம்பி அப்போது சித்தியின் மடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு எப்போது தருவீர்கள் என்று கேட்பான். இவ்வளவு வருடம் காத்திருந்துதான் எங்களோடு சேர்ந்தான். அதனால்தான் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

காலை 8:41 | ரொறன்ரோ அக்கா: இன்னொன்றும் இருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியே போனவர்கள் ஆவியாக நின்று தங்கள் வேலையை முடிக்கலாம், அதுவும் கணக்கில் சேரும். நேற்றுக் கடைசி ரவுண்டில் நாங்கள் மச்சாளைக் கண்டுபிடிக்கவே இல்லை. வேலைக் கோடு நிரம்பித்தான் வென்றோம். என்னிடம் கடைசிவரை இரண்டு வேலை மிச்சமிருந்தது. அதை முடித்த பிறகும் கோடு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அப்புறம் திடீரென்று நிரம்பியது. நிரப்பியது யார்?

காலை 8:44 | சித்தி: அந்தக் கார்டு இழுக்கிறதா? வேகமாக இழுத்தால் ஏற்காது, மெதுவாக இழுத்தாலும் ஏற்காது? ஐந்தாறு தரம் இழுத்தான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் இழுக்கிறான். பச்சை வெளிச்சம் வந்த பிறகுதான் டேப்பை மூடினான்.

காலை 8:45 | நான்: சித்தி…

காலை 8:52 | பெரியண்ணா: சித்தி, தம்பி பக்கத்தில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். தம்பி, அண்ணா பிழை விட்டுவிட்டேன். மூன்று தரம் கேட்டேன் என்று எழுதினேன், ஆனால் நீ பதில் சொல்ல நான் இடம் விடவில்லை. எங்களை வெல்ல வைத்தவனை நான்தான் வெளியே அனுப்பினேன். மத்தியானம் வெள்ளவத்தைக்கு வருகிறேன். நேரே சொல்ல வேண்டும்.

காலை 8:53 | பெரியம்மா: வரும்போது மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போ. வெறுங்கையோடு போகாதே.

காலை 9:10 | சித்தி: நான் தம்பி. அம்மாவின் போனில் எழுதுகிறேன். அண்ணா, நான் கோபம் இல்லை. பிணம் கிடந்தது நான் வந்த பிறகுதான் தெரிந்தது. ரிப்போர்ட் பண்ண ஓடினேன், நீங்கள் முதலில் அமத்திவிட்டீர்கள். மச்சாள் அந்தப் பக்கமிருந்து போனதையும் கண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ரயில் வந்துவிட்டது.

காலை 9:12 | மச்சாள்: கண்டாயா? அப்படியென்றால் நேற்று நான் தப்பியது ரயிலால்தான் தம்பி.

காலை 9:15 | ரொறன்ரோ அக்கா: சரி, இன்று இரவு இப்படிச் செய்வோம். கதைக்க 45 செக்கன், வோட்டுக்குத் திரும்ப 120. ரயில் வந்தால் தம்பி மைக்கை மூடிவிட்டு இந்தக் குழுவில் "ரயில்" என்று ஒரு சொல் போடட்டும். அது போகும்வரை ஒருவரும் வோட் போடக் கூடாது. அண்ணா, உங்கள் நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கொழும்பில் எட்டு மணி என்றால் எனக்குக் காலை பத்தரை, நான் தயார்.

காலை 9:17 | சித்தி: டைப் பண்ணும் அனுமதியையும் இன்று கொடுத்துவிடுகிறேன். பிள்ளை, அது எங்கே இருக்கிறது என்று போன் எடுத்துச் சொல்லு.

காலை 9:18 | நான்: இப்போதே எடுக்கிறேன் சித்தி.

மத்தியானம் 1:36 | சித்தி: பெரியவர் வந்துவிட்டார். இரண்டு பேரும் ஜன்னலடியில் நின்று ரயில் பார்க்கிறார்கள். ரோல்ஸ் முடிந்துவிட்டது.

இரவு 7:58 | பெரியண்ணா: வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று நான் கறுப்பு. தம்பி வெள்ளைதான். விளையாட்டுக்குள் வரும் கோட் தனித்தனியாக அனுப்புகிறேன்.

இரவு 8:19 | சித்தி: ரயில்

இரவு 8:19 | ரொறன்ரோ அக்கா: காத்திருக்கிறோம் தம்பி.

இரவு 8:19 | நான்: ஒருவரும் வோட் போடவில்லை. ஆறுதலாக வா.

இரவு 8:20 | மாமா: நான் விளையாடவில்லை, ஆனாலும் காத்திருக்கிறேன்.

இரவு 8:20 | சித்தி: போய்விட்டது. மைக்கைத் திறக்கிறேன். கறுப்பு மெட்பேயில் இம்போஸ்டர் ஒளியும் வென்டுக்குள்ளே இறங்கினதை நான் கண்டேன்.