பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் முதல் படம்: மறுபடி பார்த்தபோது கண்ணில் பட்டவை, உறுத்தியவை

2003-இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' முதல் படத்தை இந்த வாரம் மறுபடி பார்த்தேன். கதை தெரிந்த பிறகு பார்த்தால், இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி எங்கெங்கே எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் கண் தேடுகிறது. லாஜிக் ஓட்டைகளையும் சேர்த்தே தேடினேன். கதையில் ஒரு கல்பெட்டியிலிருந்து தங்கக் காசை எடுத்த கொள்ளையர்களுக்குச் சாபம்: சாகமாட்டார்கள், நிலா வெளிச்சத்தில் எலும்புக்கூடாகத் தெரிவார்கள். காசுகளைத் திரும்பப் போட்டு, எடுத்தவர்கள் ரத்தத்தையும் செலுத்தினால்தான் அது நீங்கும். எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாபம், எலும்புக்கூடு, நிலா வெளிச்சம் என்று மாயம் சம்பந்தப்பட்ட இடங்களில் படம் கணக்குச் சுத்தமாக நடந்துகொள்கிறது. உயிருள்ள மனிதர்கள் தண்ணீரில் இறங்கினால்தான் ஓட்டை விழுகிறது.

துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளையன் ஜாக் ஸ்பாரோவின் இடுப்பில் உள்ள கைத்துப்பாக்கியில் ஒரே ஒரு குண்டு. கலகம் செய்து கப்பலைப் பறித்துத் தன்னைத் தீவில் விட்டுப்போன பார்போசாவுக்கென்று பத்து வருஷமாகச் சுமந்து திரிகிற குண்டு அது. கொல்லன் பட்டறைச் சண்டையில் அங்கே வேலை செய்யும் இளைஞன் வில்லின் முகத்துக்கு நேரே நீட்டியும் சுடாமல், இது உனக்கானது இல்லை என்கிறான். முதல் தடவை பார்க்கும்போது ஏதோ வீராப்புப் பேச்சு என்று கடந்துவிடுவோம். கவர்னர் மகள் எலிசபெத் கோட்டை மேலிருந்து கடலில் விழுந்ததும் இவன் குதிக்கிறானே, அப்போது தன் பொருள்களையெல்லாம் கழற்றி அந்த இரண்டு காவல் சிப்பாய்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் குதிக்கிறான். துப்பாக்கி மருந்து நனையக் கூடாது! எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. சிறையிலிருந்து வெளியே வந்ததும் வில் அவசரப்படுத்த, என் சாமான்கள் இல்லாமல் வரமாட்டேன் என்று தேடி எடுத்துக்கொள்கிறான். அடுத்து இருவரும் ஒரு படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடலின் அடியில் நடக்கிறார்கள். தலை காற்றில், இடுப்பு தண்ணீரில். துப்பாக்கி எங்கே இருக்கும்? பிற்பாடு பார்போசா இவனை மறுபடியும் தீவில் இறக்கிவிடும்போது அதே துப்பாக்கியைக் கடலில் வீசுகிறான், இவன் பின்னாலேயே பாய்ந்து எடுக்கிறான். கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. அது தண்ணீரில் கரைகிற சாமான். தீவில் வெயிலில் காயவைத்தான் என்றே வைத்துக்கொண்டாலும், உப்புத் தண்ணீரில் ஊறி எழுந்த மருந்தை நம்பி யாரும் பத்து வருஷப் பகையைத் தீர்க்கக் கிளம்பமாட்டார்கள். ஆனால் கடைசியில் குகையில் சொல்லிவைத்தாற்போல் வெடிக்கிறது.

அந்தப் படகு விஷயமும் அப்படித்தான். கவிழ்த்த படகுக்குள் 300 லிட்டர் காற்று இருந்தால் அது ஏறக்குறைய 300 கிலோ எடையைத் தூக்கும். தண்ணீருக்குள் மனித உடம்புக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இரண்டு பேர் தொங்கினாலும் படகு அவர்களையும் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். வில்லின் கால் ஒரு நண்டுக்கூண்டில் மாட்டிக்கொள்கிற வரை நுணுக்கமாக எடுத்திருக்கிறார்கள், மிதப்பு விசையை மட்டும் விட்டுவிட்டார்கள். இதே படத்தின் பிற்பகுதியில் பார்போசாவின் ஆட்கள் எலும்புக்கூடாகக் கடல் அடியில் நடந்து போய்க் கடற்படையின் டான்ட்லெஸ் கப்பலில் ஏறுகிறார்கள். மூச்சு விட வேண்டாம், நுரையீரலில் காற்று இல்லை, மிதக்க ஒன்றும் இல்லை. செத்தவர்கள் நடப்பது இயற்பியலுக்கு ஒத்துவருகிறது, உயிரோடு இருப்பவர்கள் நடப்பதுதான் வரவில்லை. இரண்டு நடைகளையும் ஒன்றுக்கொன்று ஜோடியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதும் மறுபடி பார்க்கும்போதுதான் பிடிபட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் குகையில் ஜாக் காசைத் திருடுவது. பார்போசாவிடம் பேரம் பேசிக்கொண்டே அந்தக் கல்பெட்டியிலிருந்து காசுகளைக் கை நிறைய அள்ளுகிறான். கப்பற்படை ஆட்களை ஒருவர் விடாமல் கொன்ற பிறகு சாபத்தை நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே, வார்த்தைக்கு ஒரு காசாகத் திரும்பப் பெட்டியில் போடுகிறான். நம் காது பேச்சில் இருக்கும், பார்போசாவின் கண்ணும் அவன் முகத்தில் இருக்கும். ஒரு காசு திரும்பிப் போவதில்லை. மறுபடி பார்க்கும்போது ஜாக்கின் முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். நம் கண்ணெதிரேயே நடக்கிறது, எதையும் மறைக்கவில்லை. அப்புறம் பார்போசா வாளைச் செருகியதும் ஜாக் தடுமாறி நிலா வெளிச்சத்துக்குள் போக, எலும்பு விரல்களில் அந்தக் காசு உருளுகிறது. ஏமாற்றாமல் ஆச்சரியப்படுத்துவது என்றால் இதுதான்.

உங்களுக்குப் பட்டதையும் எழுதுங்கள்.

*

அருமையான பதிவு நண்பரே. நான் சொல்ல வருவது வாள் பற்றி.

வில் ஒரு வாளைக் கொண்டுவந்து கவர்னரிடம் காட்டி, விரலில் கிடத்தி எடை சமமாக நிற்பதை விளக்குகிறானே, அது எலிசபெத்தை மணக்க விரும்பும் கடற்படை அதிகாரி நாரிங்டனுக்குப் பதவி உயர்வுப் பரிசு. முதல் படத்தின் முடிவில் நாரிங்டன் அதே வாளை வில்லிடம் காட்டி, இதைச் செய்தவன் வாழ்க்கையிலும் இதே அக்கறையோடு இருப்பான் என்று நம்புகிறேன் என்று சொல்லி எலிசபெத்தை விட்டுக்கொடுக்கிறான். நாரிங்டனாக நடித்த ஜாக் டேவன்போர்ட் அந்த ஒரு வரியைச் சொல்கிற விதத்தில் தோற்றவனின் மரியாதை மொத்தமும் இருக்கிறது. 2007-இல் வந்த மூன்றாம் படத்தில் நாரிங்டன் செத்ததும் பேய்க்கப்பல் தலைவன் டேவி ஜோன்ஸ் அந்த வாளை எடுத்துக்கொள்கிறான். கடைசியில் வில்லின் நெஞ்சில் இறங்குவதும் அதே வாள்தான். தன் கையால் அடித்த இரும்பு! மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்னொன்று ஜாக்கின் கூட்டாளி கிப்ஸ். கொள்ளையர் கூடும் டோர்டுகாவில் பன்றிகளோடு படுத்துக் கிடக்கிற ஆளை எல்லோருக்கும் நினைவிருக்கும். படத்தின் முதல் காட்சியில் கப்பலில் பாடிக்கொண்டிருக்கும் குட்டி எலிசபெத்தைப் பயமுறுத்தி நிறுத்துகிற கடற்படை மாலுமியும் அவர்தான். நடுவில் அவருக்கு என்ன ஆனது என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சீருடையிலிருந்து பன்றிக்கொட்டில் வரை வந்த கதையை நம் கற்பனைக்கே விட்டுவிடுகிறது.

*

அண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம் உறுத்திட்டே இருக்கு. நிலா வெளிச்சம் பட்டா எலும்புக்கூடா தெரிவாங்க, சரி. எலிசபெத் ஊரான போர்ட் ராயலை அவங்க கொள்ளை அடிக்கிறது ராத்திரிதானே? தெரு முழுக்க ஓடுறாங்க, ஒருத்தன்கூட எலும்பாத் தெரியலையே?

அப்புறம் கடைசியில் ஜாக் கப்பலுக்குத் திரும்பி வந்து எல்லாரையும் வேலைக்கு விரட்டுற இடத்துல, ஃபிரேமோட இடது ஓரமாப் பாருங்க. வெள்ளை டி-சர்ட், தொப்பி, கூலிங் கிளாஸோட ஒருத்தர் கடலைப் பார்த்துட்டு நிக்கிறார். படப்பிடிப்புக் குழு ஆள். அதை நானே கண்டுபிடிச்சப்ப வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

*

நிலா பற்றிக் கேட்ட தம்பிக்கு: பார்போசாவின் கப்பல் பிளாக் பேர்ல் வரும்போதே மூடுபனியையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. அந்த இரவு முழுக்கப் பனியும் புகையும். நிலா ஒரே ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. சிறைக்கம்பி வழியாக ஒருவன் கையை விட்டு ஜாக்கின் கழுத்தைப் பிடிக்கிறானே, அந்தக் கை மட்டும் வெளிச்சத்தில் விழுந்து எலும்பாகிறது. நமக்கும் ஜாக்குக்கும் ஒரே நொடியில் விஷயம் தெரிய வேண்டும் என்று அளந்து வைத்த வெளிச்சம் அது. அதே இரவில் வில் ஒருவன் முதுகில் கோடாலியை எறிந்து வீழ்த்துகிறான், கொஞ்ச நேரத்தில் அதே ஆள் எதிரே வந்து நிற்கிறான். முதல் தடவை பார்க்கும்போது வேறு ஆள் என்றே நினைத்துவிடுவோம். பார்போசாவின் ஆட்களான பின்டெலும் ரகெட்டியும் பெண் வேஷத்தில் படகில் போகும்போது குடை பிடித்திருப்பதும் அழகுக்காக இல்லை, நிழலுக்காக.

நான் சேர்க்க நினைப்பது வரலாற்றுப் பக்கம். ஜமைக்காவின் போர்ட் ராயல் நிஜ ஊர், கொள்ளையர் பணத்தில் கொழுத்த ஊர். 1692 ஜூன் 7 அன்று நிலநடுக்கத்தில் ஊரின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போய்விட்டது. வியாபாரமும் மக்களும் எதிர்க்கரையில் கிங்ஸ்டனுக்கு நகர்ந்தன. படத்தில் வருஷம் சொல்வதில்லை, ஆனால் சிப்பாய்களின் உடுப்பும் துப்பாக்கிகளும் 18-ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் அங்கே ஆங்கிலேயக் கடற்படைத் தளம் இருந்தது உண்மை. கவர்னர் மாளிகையோடு செழித்து நிற்கும் நகரம்தான் காலம் தப்பியது. அந்தக் காட்சிகளுக்கான துறைமுகத்தை செயின்ட் வின்சென்ட் தீவின் வல்லிலபூ விரிகுடாவில் செட் போட்டு எடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய இடறல் ஜாக்கின் கையிலுள்ள சூட்டுக்குறி. கிழக்கிந்தியக் கம்பெனியோடு உரசினாயா என்று நாரிங்டன் கேட்கிறான். 1600-இல் சாசனம் வாங்கிய அந்தக் கம்பெனியின் ஏகபோகம் நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கேதான். சூரத், சென்னை, கல்கத்தா என்று அது கால் ஊன்றிய இடமெல்லாம் நம் பக்கம். செயின்ட் ஜார்ஜ் கோட்டை வாசலைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு அந்தக் கம்பெனியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கரீபியனில் ஆள்களைப் பிடித்துச் சூடு போட அதற்கு வேலையே இல்லை. அடுத்த இரண்டு படங்களில் கம்பெனிதான் பிரதான வில்லன் என்பதால் இந்த ஓட்டை படத்துக்குப் படம் பெரிதாகிறது.

மூன்றாம் படத்தில் ஒன்பது கொள்ளைத் தலைவர்களில் ஒருவராக சம்பாஜி ஆங்ரியா என்று ஒரு இந்தியர் வருகிறார். இதை நான் சும்மா கடந்து போக முடியாது. ஆங்கரே குடும்பம் மராட்டியக் கடற்படையின் தளபதிகள். 1729-இல் இறந்த கானோஜி ஆங்கரே கொங்கண் கரையில் கம்பெனிக் கப்பல்களை அனுமதிச் சீட்டுக் கேட்டு மறித்தவர். தன் கடலில் வரி கேட்டவரைக் கம்பெனி தன் ஏடுகளில் கொள்ளைக்காரன் என்று எழுதிவைத்தது. மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றுக்கு இன்று ஐஎன்எஸ் ஆங்கரே என்று பெயர். கம்பெனியை வில்லனாகக் காட்டுகிற படம், இந்த ஒரு பெயரில் மட்டும் கம்பெனியின் பேச்சை அப்படியே நம்பிவிட்டது. எனக்கு அது ஓட்டை என்பதைத் தாண்டி வருத்தம்.

*

பதிவைத் தொடங்கியவன்தான் மறுபடி வருகிறேன். ஆங்கரே பற்றிய தகவலுக்கு மனமார்ந்த நன்றி ஐயா, அந்தப் பாத்திரத்தை இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். வில்லும் எலிசபெத்தும் அந்தக் காசை வருஷக்கணக்கில் வைத்திருந்தும் ஏன் சாபம் பிடிக்கவில்லை? பார்போசா எலிசபெத்திடம் விதியைச் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸிடம் கொடுத்த 882 ஆஸ்டெக் காசுகள், கல்பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்தாலும் தண்டனை என்கிறான். பெட்டியிலிருந்து எடுத்தவனுக்குத்தான் சாபம். வில்லுக்கு அது அப்பா அனுப்பிய பொருள், எலிசபெத் வில்லின் கழுத்திலிருந்து எடுத்தாள். பத்து வருஷத்துக்கு முன் கலகக்காரர்கள் ஜாக்கைத் தீவில் இறக்கிவிட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள், அதனால் அவனும் தப்பினான். அவன் கை வைத்தது கடைசியில்தான், உடனே பலித்தது. இப்படி எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் விதி நிற்கிறது.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது வில்லின் அப்பா பூட்ஸ்ட்ராப் பில். காலில் பீரங்கியைக் கட்டி அவரைக் கடலில் போட்ட கதையைச் சிறைக்கூண்டருகே பின்டெல் சொல்கிறான். அவர் ரத்தமும் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்ததாம். அவரும் சாபம் பெற்றவர், சாகமாட்டார். அப்படியென்றால் குகையில் வில் அவருக்குப் பதிலாகத் தன் ரத்தத்தோடு காசைப் போட்டுச் சாபத்தை நீக்கிய அந்த நொடியில், கடலடியில் கிடக்கும் அப்பா மூச்சுத் திணறிச் செத்திருக்க வேண்டும். மகன் கையால்! முதல் படம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2006-இல் இரண்டாம் படத்தில் டேவி ஜோன்ஸ் அவரை அடியிலிருந்து எடுத்துத் தன் கப்பலில் சேர்த்துக்கொண்டதாக வருகிறது. முகமெல்லாம் சிப்பி படிந்து அவர் வந்து நிற்பதைப் பார்த்தால், சாபம் நீங்குவதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு வைத்த ஒட்டுதான், ஆனால் நல்ல ஒட்டு.

குரங்கு விஷயம்தான் இன்னும் எனக்குத் தீரவில்லை. பார்போசாவின் குரங்கும் நிலாவில் எலும்பாகிறது, அப்படியானால் அதுவும் பெட்டியில் கை வைத்திருக்க வேண்டும். காசு எடுத்த எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்றால் குரங்கின் ரத்தத்தையும் செலுத்தினார்களா? படம் காட்டுவதில்லை. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு அது திரும்பக் குகைக்கு வந்து ஒரு காசை எடுத்து மறுபடி சாபம் வாங்கிக்கொள்கிறது. இதை எழுதியவர்கள் மறக்கவில்லை. இரண்டாம் படத்தில் ஜாக் அதைச் சுட்டும் அது சாகாமல் இருப்பதும், மந்திரக்காரி டியா டால்மாவிடம் விலையாகப் போவதும் அதனால்தான். முதல் தடவை அதன் ரத்தக் கடனை யார் எப்படித் தீர்த்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.